பாலிஷ் போடும் முன் கார் பெயிண்ட்டில் பார்க்க வேண்டிய குறைகள்: அறிகுறி வாரியாக

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பாலிஷ் டப்பாக்கள் திறக்கத் தொடங்கிவிடும். பூஜை முடிந்த மறுவாரம் ஒவ்வொருவராக என்னைத் தேடி வருவார்கள். பாலிஷ் போட்டும் மங்கலாகவே இருக்கிறது என்பார் ஒருவர். பாலிஷுக்கு மேல் பூசிய மெழுகு திட்டுத்திட்டாக நிற்கிறது என்பார் இன்னொருவர். முன்பு இல்லாத கீறல் இப்போது தெரிகிறது என்பார் மூன்றாமவர். வண்டியைப் பார்த்தால் பாலிஷின் மேல் குற்றம் இருக்காது. அதற்கு அடியில் விட்டுவைத்த அழுக்குதான் காரணமாக இருக்கும். அந்த அழுக்கு எது, அதை எப்படி எடுப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். சென்னையின் நீரும் தூசியும் வெயிலும் என் மனத்தில் இருக்கின்றன. வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் அளவை மட்டும் நினைவில் வையுங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்டின் மொத்தக் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு வெள்ளைத்தாளின் கனம். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். ரப்பிங் காம்பவுண்ட் எனப்படும் தேய்ப்புப் பசை ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. சுரண்டியது திரும்பி வராது. அதனால்தான் தேய்க்காமல் எடுக்கக்கூடியதை எல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்

வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. காலை எட்டு மணிக்கு முன்பு அல்லது வெயில் இறங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் வெறும் நீரை ஊற்றி மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை வண்டியில் ஓட்டியபின் வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி.

கழுவி முடித்ததும் மூன்று சோதனைகள்.

கை: ரொட்டி வரும் மெல்லிய பாலித்தீன் உறைக்குள் கையை விட்டு, ஈரமான பெயிண்ட்டின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத துகள்கூட உறை வழியே தெரியும்.

ஒளி: நிழலில் நின்று கைபேசியின் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்.

நீர்: ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். முத்து முத்தாக உருண்டால் பழைய மெழுகு இன்னும் இருக்கிறது. தகடாகப் பரவி வழிந்தால் மெழுகு போய்விட்டது.

இனி உங்கள் வண்டியில் தென்படும் அறிகுறிக்குப் போங்கள்.

## கழுவிய பிறகும் சொரசொரப்பாக இருக்கிறது

அடிக்கடி வரும் குறை இதுதான். மிகவும் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான்.

சொரசொரப்பு சீராக, புள்ளி எதுவும் இல்லாமல் இருந்தால்: கழுவியது போதவில்லை. கதவின் கீழ்ப்பாதியிலும் டிக்கியிலும் மட்டும் அப்படி இருந்தால் அநேகமாகச் சாலை அழுக்குதான். இன்னொரு முறை ஷாம்பு போட்டுக் கழுவி, உறைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பாதி வண்டிகளின் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறப் புள்ளிகள் தெரிந்தால்: இரும்புத் துகள். புறநகர் ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் நாள் முழுவதும் நிற்கும் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். ரயிலின் பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் துகள் பெயிண்ட்டில் குத்தி நின்று துருப்பிடிக்கிறது. கிரில் வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கும் இதே கதிதான். வெள்ளை வண்டியில் பளிச்சென்று தெரியும். கறுப்பு வண்டியில் கைக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வெள்ளைக் காரை அவருடைய தம்பி மகன் காம்பவுண்ட் போட்டு இரண்டு நாள் தேய்த்தான். புள்ளி மறைந்தது. இரண்டு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப முளைத்தது. துகளின் தலையை மட்டும் அவன் தேய்த்து எடுத்திருந்தான், அடிப்பாகம் உள்ளேயே இருந்தது. "சார், பெயிண்ட் அடித்துவிடலாமா?" என்று அவர் என்னைக் கேட்டபோது, அந்தச் செலவு எதுவும் வேண்டாம் என்று சொல்லி, இரும்பு நீக்கி என்னும் திரவத்தை வாங்கிவரச் சொன்னேன்.

அதைக் குளிர்ந்த பெயிண்ட்டின் மேல் தெளித்தால் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் நிறைய நீர் விட்டு அலச வேண்டும். காயவிட்டால் அதுவே கறையாகிவிடும். அழுகிய முட்டை போன்ற நாற்றம் வரும். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஊதா வழிவது நிற்கும் வரை இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். ஆசிரியர் வண்டிக்கு மூன்று முறை ஆனது.

கறுப்புப் புள்ளிகள், சக்கரத்துக்குப் பின்னால் அதிகமாக இருந்தால்: தார். புதிதாகப் போட்ட சாலையில் போய்வந்த வண்டி. தார் நீக்கி அல்லது சிறிதளவு மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துப் புள்ளியின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். இளகிய பிறகு துடைத்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய் விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் போக உடனே ஷாம்புவில் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். மூடிய கீழ்த்தளத்தில் அதன் ஆவி எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை.

வேறு நிறத்தில் மணல் தூவியது போல் இருந்தால்: பக்கத்தில் யாரோ கிரில்லுக்கோ சுவருக்கோ ஸ்பிரே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இதற்கும், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சும் சொரசொரப்புக்கும் கிளே பார் எனப்படும் செயற்கைக் களிமண் கட்டிதான் மருந்து.

கிளே போடுவதில் பொறுமை வேண்டும். மென்மையான ரகத்தை வாங்குங்கள். கட்டியை மூன்றாகப் பிரித்து, ஒரு துண்டைத் தட்டையாக்கி, ஷாம்பு நீரையோ அதற்கென விற்கும் வழுக்குத் திரவத்தையோ தாராளமாகத் தெளித்து, இரண்டடிக்கு இரண்டடி இடமாக நேர்கோட்டில் ஓட்டுங்கள். வட்டமாக வேண்டாம். அழுத்தவே கூடாது, கட்டியின் எடையோடு உங்கள் விரலின் எடை போதும். முதலில் கரகரவென்ற ஒலி வரும், பிறகு கட்டி சத்தமில்லாமல் வழுக்கும். அப்போது அந்த இடம் முடிந்தது. கட்டியை மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். தரையில் விழுந்த துண்டைக் குப்பையில் போடுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி, கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு மணல் போதும், பானெட் முழுவதும் கோடு விழும்.

கிளே போட்ட இடத்தில் மெல்லிய மங்கல் வருவது இயல்பு, கறுப்பு வண்டியில் நன்றாகவே தெரியும். அடுத்து வரும் பாலிஷ் அதை எடுத்துவிடும். பாலிஷ் போடும் எண்ணம் இல்லாதபோது கிளேயைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: புள்ளி மேலே ஒட்டியிராமல் பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து கொப்புளம் போல் எழும்பியிருந்தால் அது தகட்டின் துரு. கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளின் கதவு விளிம்பிலும் சக்கர வளைவிலும் பாருங்கள். கிளேயும் இரும்பு நீக்கியும் இங்கே உதவாது. டிங்கரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும். சிமென்ட் பால் தெறித்துக் கெட்டியாகியிருந்தாலும் நீங்களாகச் சுரண்டாமல் தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

## வெள்ளை வட்டங்கள் போகவில்லை

ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வேறு காரணத்தைத் தேட வேண்டியதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500 ஏற்கும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. உங்கள் கிணற்று நீர் எவ்வளவு என்று ஆர்.ஓ. இயந்திரம் பார்க்க வருபவரிடம் இருக்கும், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீர் ஆவியாகும், உப்பு வண்டியிலேயே நிற்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் வாளியில் பிடித்து வண்டி கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இயந்திரம் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் அதைப் பயன்படுத்துங்கள், வண்டிக்கு வேண்டாம்.

சோதனை எளிது. வட்டம் நனைந்ததும் மறைந்து காய்ந்ததும் திரும்பினால் உப்பு மேலே படிந்திருக்கிறது. மளிகைக் கடை வெள்ளை வினிகரையும் ஆர்.ஓ. குடிநீரையும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து வட்டத்தின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். தேய்க்காமல் எடுத்து, ஷாம்புவில் கழுவி உடனே துடையுங்கள். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் செய்து பார்ப்பது நல்லது. கடைகளில் இதற்கென்றே நீர்க்கறை நீக்கியும் கிடைக்கிறது.

நனைந்தபோதும் வட்டத்தின் விளிம்பு தெரிந்தால் உப்பு பெயிண்ட்டை அரித்துவிட்டது. ஆழம் குறைவென்றால் பாலிஷ் எடுக்கும். சிறு இடத்தில் கையால் பாலிஷ் போட்டுப் பாருங்கள். இரண்டு முறைக்கு மேலும் நின்றால் நிறுத்திவிட்டு, பெயிண்ட்டைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

கழிப்பறை ஆசிட்டை நீர் கலந்து போட்டால் கறை போய்விடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கறை போகும். கூடவே குரோம் பட்டையும் போகும், ரப்பரும் கெடும். அப்படி ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் யாருக்கும் வரக் கூடாது.

கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து வைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை.

## பிசுபிசுப்பு, காய்ந்த மரப்பால்

மாமரத்தடியில் பூக்கும் பருவத்தில் வண்டியை நிறுத்தினால் தத்துப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீர் மழைச்சாரல் போல் படிந்துவிடும். புதிதாக இருக்கும்போது வெதுவெதுப்பான ஷாம்பு நீரே போதும். பழையதாகிவிட்டால் அதன் மேல் தூசி ஏறிக் கறுத்துவிடும். அப்போது ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து அரை நிமிடம் ஒற்றி எடுங்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் சானிடைசரும் இதற்கு உதவும். கெட்டியான பாலை நகத்தாலோ பிளேடாலோ பெயர்க்காதீர்கள்.

## பறவை எச்சத்தின் தடம்

காய்ந்த எச்சத்தை வறண்ட துணியால் துடைப்பதுதான் பெரிய தீங்கு. அதில் மணலும் விதையும் இருக்கும். ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து அப்படியே தூக்கி எடுங்கள். எடுத்த பிறகும் நிழல் போல் தடம் நின்றால் வெயிலில் அது பெயிண்ட்டுக்குள் அரித்திருக்கிறது. பாலிஷில் குறையும், முழுதும் போகும் என்று உறுதி தர முடியாது. தடத்தின் நடுவில் வெடிப்பு தெரிந்தால் பெயிண்டரிடம்தான் கேட்க வேண்டும்.

## சந்தனம், குங்குமம், வாழைக் கறை

பூஜைக்குப் போட்ட பொட்டை மறுநாளே நீர் விட்டு ஊறவைத்து எடுத்துவிடுங்கள். வெயிலில் நின்ற குங்குமம் வெள்ளை வண்டியில் இளஞ்சிவப்பாகத் தங்கிவிடும். ஷாம்பு, பிறகு ஆல்கஹால் ஒற்றல், அதற்குப் பிறகுதான் பாலிஷ். வாழைக்கன்றைக் கட்டும்போது வெட்டுவாய் பம்பரில் படாமல் ஒரு தாளைச் சுற்றுங்கள். அதன் பால் பழுப்புக் கறையாகப் பிடித்தால் எடுப்பது கடினம். மாலை ஒட்டிய டேப்பின் பசை இருந்தால் தார் நீக்கியே போதும்.

## வெயிலில் சிலந்தி வலை போல் கீறல் தெரிகிறது

காரணம் பெரும்பாலும் தினசரித் துடைப்பு. காலையில் ஒருவர் ஒரே வாளியும் ஒரே துணியுமாகப் பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைக்கிறார். மூன்றாவது வண்டிக்கு வரும்போதே அந்த நீரில் மணல் இருக்கும். அவர்மேல் குற்றமில்லை, நாம் கொடுக்கும் நேரமும் நீரும் அவ்வளவுதான். நான் எங்கள் வண்டியைத் துடைப்பவரிடம், "அண்ணே, கண்ணாடியை மட்டும் துடையுங்கள், வாரம் ஒருமுறை நீர் ஊற்றிக் கழுவுங்கள், சம்பளம் அதேதான்" என்று சொல்லிவிட்டேன். கீறல் கூடுவது நின்றது. இறகுத் தூசிதட்டியையும் அன்றே தூக்கி வைத்துவிட்டேன்.

முதலில், அது உண்மையில் பெயிண்ட்டின் கீறலா, பழைய மெழுகின் கோடா என்று பாருங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை நீரில் சம அளவு கலந்து ஓரிடத்தைத் துடையுங்கள். கோடு மறைந்தால் அது மெழுகு. மாறாக, முன்பு தெரியாத கீறல்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். யாரோ எண்ணெய்ப்பசையுள்ள பாலிஷால் நிரப்பி மறைத்திருந்தது வெளியே வந்திருக்கிறது.

அடுத்து நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்காவிட்டால் மெல்லிய பாலிஷில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் காம்பவுண்டுக்குப் போங்கள். நகம் சிக்கினால் பாலிஷால் அதை எடுக்க நினைக்காதீர்கள், கிளியர் கோட் அவ்வளவு தாங்காது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: வண்டி முழுவதும் கீறல் இருந்து பாலிஷ் மெஷின் போட வேண்டிய நிலை. சுழலும் மெஷின் பழகாத கையில் விளிம்புகளை நொடியில் எரித்துவிடும். கொடுக்கும் முன் பெயிண்ட் கனத்தை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கதவு 120 மைக்ரான், அடுத்த கதவு 300 என்று வந்தால் அந்த இரண்டாவது கதவு முன்பே மறுபெயிண்ட் ஆனது. இன்னும் பல மடங்கு கூடினால் அடியில் நெளிவை நிரப்பிய பட்டி (புட்டி) இருக்கிறது. மிகக் குறைவாக வந்தால் யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள், அங்கே காம்பவுண்டைத் தொடவே வேண்டாம். பழைய வண்டி வாங்கியவர்கள் இந்த அளவைக் கட்டாயம் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

## மெழுகு திட்டுத்திட்டாக நிற்கிறது, அல்லது பிடிக்காமல் வழுக்குகிறது

செலவில்லாத காரணங்களை முதலில் பாருங்கள். பூசியது அதிகமா? மெழுகு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாக இருக்க வேண்டும், கனமாகப் பூசினால் பளபளப்பு அதிகமாகிவிடாது. தகடு சூடாக இருந்ததா? கதவிடுக்கிலும் விளக்கின் ஓரத்திலும் நீர் தங்கி வழிகிறதா? கதவுகளைத் திறந்து துடைத்து அரை மணி நேரம் விடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் அடியில் பழைய மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது. வாட்டர் சர்வீஸில் கழுவி முடித்ததும் டயருக்கும் பம்பருக்கும் அடிக்கும் பளபளப்புத் திரவம் பக்கத்துத் தகடுகளிலும் தெறிக்கிறது. நீர்ச் சோதனையில் முத்து உருளும் இடங்களே மெழுகு பிடிக்காத இடங்களாக இருக்கும். ஆல்கஹால் கலவையால் ஒரு துணியில் துடைத்து, உடனே மறு துணியால் உலர்த்துங்கள். பாலிஷ் முடிந்தபின் மெழுகுக்கு முன்னும் இதே துடைப்பைச் செய்தால் பாலிஷின் எண்ணெய் போய் மெழுகு நன்றாகப் பிடிக்கும். அருகில் தீயோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகக் காய்ந்த பாலிஷ் மட்டும்தான் குறை என்றால், பழைய பல்துலக்கியும் ஷாம்பு நீரும் போதும். அடுத்த முறை டேப் ஒட்டி மூடுங்கள்.

## துணியில் காரின் நிறம் ஒட்டுகிறது

உடனே நிறுத்துங்கள். வண்டி அம்பாசிடர் போன்ற பழைய ரகமாக, தனி நிறப் பெயிண்ட் அடித்ததாக இருந்தால் அதற்குக் கிளியர் கோட்டே இருக்காது. நிறம் ஒட்டுவது இயல்பு. மென்மையான பாலிஷோடு, குறைவாகத் தேய்த்துத் தொடரலாம். கிளியர் கோட் உள்ள இக்கால வண்டியில் நிறம் ஒட்டினால் மேல்பூச்சு அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது. பெயிண்டரைத் தவிர வேறு வழியில்லை. தார் நீக்கியில் மட்டும் நிறம் ஒட்டினால் அது சரியாக உலராத மறுபெயிண்டாக இருக்கலாம்.

## கூரையிலும் பானெட்டிலும் சுண்ணாம்பு போல் வெளிறல், தோல் உரிதல்

திறந்த வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டிகளில் வருவது. வெளிறல் சீராக, தோல் உரியாமல் இருந்தால் ஓர் அடி இடத்தில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பளபளப்பு திரும்பினால் தொடரலாம். திட்டின் விளிம்பு நகத்தில் பெயர்ந்தால் கிளேயும் பாலிஷும் உரிதலைப் பெரிதாக்கும். அந்தத் தகட்டை மட்டும் மறுபெயிண்ட் செய்யக் கொடுங்கள், மற்றத் தகடுகளில் உங்கள் வேலையைத் தொடருங்கள்.

மறுபெயிண்ட் ஆகி வந்த தகட்டில் மெழுகு உடனே வேண்டாம். பெயிண்ட்டின் கரைப்பான் முழுதும் வெளியேற 30 முதல் 90 நாள் வரை ஆகலாம். சூளையில் உலர்த்தினாரா, காற்றில் உலரவிட்டாரா என்பதைப் பொறுத்து நாள் மாறும், அதைப் பெயிண்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அந்த இடத்தை நல்ல நீரில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும்.